ஏழைச் சிறுவர் கல்வி: தொண்டர் கடமையும் அரசாங்கத்தார் கடமையும்

நமது நகரங்களில் ஏழை மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும், படித்த வாலிபர்களும் பெண்மணிகளும் கூடி அங்குள்ள குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்து வருவதை நேயர்கள் அறிவார்கள். கோயில் மண்டபம், சங்கக் கட்டிடம், குடியிருப்பின் மாடிப்படி அடி என்று கிடைத்த இடத்தில் பாய் விரித்து, பலகை ஒன்றைச் சுவரில் சார்த்தி வைத்துக்கொண்டு நடைபெறும் இவ்வகுப்புகள் போற்றத்தக்கவை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் போற்றுவதோடு நின்றுவிடுவது பத்திரிகையின் தர்மமன்று. இத்தொண்டு யாருடைய கடமையை நிறைவேற்றுகிறது? அக்கடமைக்கு உரியவர் இத்தொண்டினால் விழித்தெழுகிறாரா, அல்லது அதன் நிழலில் சுகமாக உறங்குகிறாரா? இவ்விரண்டு கேள்விகளையும் கேட்டு விடை காண்பதே இன்று நமது நோக்கம்.

நகரத்து ஏழைக் குழந்தையின் நிலையை முதலில் உள்ளபடி அறிதல் வேண்டும். அக்குழந்தை பெரும்பாலும் பள்ளியையே காணாத குழந்தையன்று. அதன் பெயர் ஏதேனும் ஒரு கார்ப்பரேஷன் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். அது பள்ளிக்குப் போயும் வரும். எனினும் ஐந்தாம் வகுப்பை எட்டிய பின்னரும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் குழந்தைகள் நம்மிடையே உள்ளனர். இதற்குக் காரணம் மதிக்குறைவென்று எவரேனும் கூறுவராயின் அவர் அக்குழந்தைகளோடு ஒரு நாழிகையேனும் பழகியறியாதவர் என்போம். கடைக் கணக்கை வாய்விட்டுச் சொல்லாமலே முடிக்கும் சிறுவன், பலகையில் எழுதிய அதே கணக்கைக் கண்டு திகைத்து நிற்கிறான் என்றால், குறை அவன் அறிவில் இல்லை.

வக்கீலின் மகனுக்கும் குமாஸ்தாவின் மகளுக்கும் இரண்டு பள்ளிக்கூடங்கள் உண்டு. ஒன்று வீதியில் இருப்பது; மற்றொன்று வீட்டில் இருப்பது. வகுப்பில் விளங்காத பாடத்தைத் தாயோ தமையனோ மாலையில் விளக்குகிறார்கள். அதுவும் போதாதாயின் பணம் கொடுத்து டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். ஏழைக் குழந்தைக்கு இந்த இரண்டாவது பள்ளிக்கூடம் இல்லை. தாயார் விடியுமுன்னே நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கப் போகின்றார். தகப்பனார் கட்டிட வேலைக்கோ சுமை தூக்கவோ போகின்றார். ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் உறங்கி எழவேண்டும். தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு ஓடுவதும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் மூத்த குழந்தையின் பொறுப்பு. ஒரு நாள் விட்டுப்போன பாடத்தை மறுநாள் சொல்லித்தர ஆளில்லை. உபாத்தியாயரோ புத்தகத்தை முடித்தாக வேண்டிய அவசரத்தில் முன்னே செல்கின்றார். இவ்வாறு இரண்டாண்டு கழிந்தால் குழந்தை வகுப்பில் உடலால் மட்டுமே அமர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அதுவும் நின்றுவிடும். மெக்கானிக் பட்டறையும் தேநீர்க் கடையும் அதனை ஏற்றுக்கொள்ளும்.

இக்குழந்தைக்கு இல்லாமற்போன இரண்டாவது பள்ளிக்கூடத்தைத்தான் தொண்டர்கள் தங்களால் இயன்ற அளவு அமைத்துத் தருகின்றனர். இதுவே அவர்களுடைய வேலையின் உண்மையான இயல்பு. முதலாவது பள்ளிக்கூடத்தை அமைத்து நடத்துவது அவர்களால் ஆவதன்று, அவர்கள் கடமையுமன்று. இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டு மேலே செல்வோமாக.

இப்பிரச்னை நமக்கு மட்டும் உரியதன்று. எந்த ஆங்கிலேயரிடமிருந்து பள்ளிக்கூட முறையை நாம் பெற்றோமோ, அவர்களுடைய தலைநகரமே சென்ற நூற்றாண்டிற்கு முந்தின நூற்றாண்டில் இதே துன்பத்தில் ஆழ்ந்திருந்தது. போர்ட்ஸ்மத் நகரில் ஜான் பவுண்ட்ஸ் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். இளமையில் கப்பல் பட்டறையில் விழுந்து ஊனமுற்றவர். அவர் 1818 முதல் தமது சிறு பட்டறையிலேயே தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு, காலணி தைத்தவாறே எழுத்தும் கணக்கும் கைத்தொழிலும் கற்பித்து வந்தார். சுட்ட உருளைக்கிழங்கைக் காட்டி வராத பிள்ளைகளை வரச்செய்தார் என்பர். சம்பளம் வாங்கவில்லை, எவரும் கொடுக்கவுமில்லை. 1839-ல் அவர் இறந்தார். அவருடைய உதாரணம் பல ஊர்களில் பரவியது. 1844-ல் லண்டனில் இத்தகைய பள்ளிகளுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. பின்னர் ஷாப்ட்ஸ்பரி பிரபு என்று பெயர் பெற்ற பெருமகனார் அதற்குத் தலைமை தாங்கினார். கந்தலாடையையும் அழுக்கையும் கண்டு மற்றப் பள்ளிகள் சேர்க்க மறுத்த பிள்ளைகளுக்காக ஏற்பட்டவையாதலின் இவை கந்தலாடைப் பள்ளிகள் என்றே அழைக்கப்பட்டன.

அப்பள்ளிகளில் பெரும்பாலும் கற்பித்தவர்கள் சம்பளமில்லாத தொண்டர்களே. குதிரைக் கொட்டிலிலும் ரயில் பாலத்தின் வளைவுக்கடியிலும் அவர்கள் வகுப்பு நடத்தினர். பல்லாயிரக்கணக்கான குழந்தைகள் அங்கே எழுத்தறிந்தனர். ஆயினும் அத்தொண்டர்களின் அனுபவமே ஓர் உண்மையை நாட்டிற்கு உணர்த்திற்று. தொண்டினால் சில தெருக்களை எட்டலாம்; ஒரு தேசத்தின் குழந்தைகள் அனைவரையும் எட்ட முடியாது என்பதே அது. 1870-ல் பார்ஸ்டர் என்ற மந்திரி கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறிற்று. பள்ளி போதாத ஊர்களில் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக்கூட போர்டுகள் ஏற்பட்டு, வரி விதித்துப் பள்ளிகள் கட்டும் அதிகாரம் பெற்றன. 1880-ல் கல்வி கட்டாயமாயிற்று. 1891-ல் பெரும்பாலும் இலவசமாயிற்று. போர்டு பள்ளிகள் பெருகப் பெருகக் கந்தலாடைப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கிழக்கு லண்டனில் டாக்டர் பர்னார்டோ 1877-ல் நிறுவிய பெரிய பள்ளி, அப்பகுதியில் போதிய பொதுப்பள்ளிகள் ஏற்பட்டுவிட்டமையால் 1908-ல் மூடப்பட்டது.

ஷாப்ட்ஸ்பரி பிரபு 1870-ம் வருஷத்துச் சட்டத்தை மகிழ்ச்சியுடன் வரவேற்கவில்லை. தமது பள்ளிகளும் அவற்றில் நடந்த சமய போதனையும் மங்கிவிடுமே என்று வருந்தினார். தாம் நட்ட மரத்தை வேறொருவர் தோட்டத்திற்குப் பெயர்த்து வைப்பதைக் காணும் மனிதரின் வருத்தம் அது. ஆனால் சரித்திரம் அளித்த தீர்ப்பு வேறு. அப்பள்ளிகள் மூடப்பட்டது அவற்றின் தோல்வியன்று. அவற்றின் வெற்றியே அதுவாகும். தர்மமாக அளிக்கப்பட்டது உரிமையாக மாறிற்று. தன்னை வேண்டாததாகச் செய்துகொள்வதே இத்தகைய தொண்டிற்கு முடிவான பயன் என்பதை லண்டன் மாநகரத்தின் அனுபவம் நமக்குக் கற்பிக்கின்றது.

நிற்க, நமது தேசத்திற்கு வருவோம். ஸ்ரீ கோபால கிருஷ்ண கோகலே 1911-ல் இம்பீரியல் சட்டசபையில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மிகவும் அடக்கமான மசோதா அது. ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால் தத்தம் எல்லையில் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பதற்கு மேல் அதிகம் கேட்கவில்லை. 1912-ல் அம்மசோதா 13-க்கு 38 வோட்டுகளால் தள்ளப்பட்டது. பணமில்லை என்பது அன்று கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டம் 1950-ல் அமுலுக்கு வந்தபோது, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியளிக்க அரசு முயலவேண்டும் என்று 45-வது ஷரத்து கூறிற்று. பத்தாண்டு நான்கு முறை கழிந்தது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் பதினான்கு வயது வரையுள்ள கல்வி அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2002-ல் அரசியல் சட்டத்தில் 21-ஏ ஷரத்து சேர்க்கப்பட்டது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ம் தேதி அமுலுக்கு வந்தது. கோகலே கேட்டதற்கும் சட்டம் வந்ததற்கும் இடையே ஏறக்குறைய நூறாண்டு சென்றது. எத்தனை தலைமுறைக் குழந்தைகள் இந்த இடைவெளியில் வீணாயினர் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இச்சட்டத்தைத் தேச ஊழியர்களில் பலர் முழுதும் படித்திருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் விதியைப் பற்றியே எங்கும் பேச்சு நடக்கிறது. அதனினும் முக்கியமான விதிகள் பல உள. தனது எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அனைவரின் பதிவையும் வைத்திருப்பதும், பிழைப்பு நாடி வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் ஸ்தல ஸ்தாபனத்தின் கடமையென்று 9-வது பிரிவு கூறுகிறது. இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கத் தனிப் பயிற்சி அளிக்கவேண்டும் என்று 4-வது பிரிவு கூறுகிறது. உபாத்தியாயர் காலியிடங்கள் மொத்த இடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்று 26-வது பிரிவு கூறுகிறது. பள்ளி நிர்வாகக் கமிட்டியில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், கமிட்டியிற் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்று 21-வது பிரிவு கூறுகிறது. இவையெல்லாம் அரசாங்கத்தார் மனமுவந்து அளிக்கும் சலுகைகள் அல்ல. சட்டத்தினால் விதிக்கப்பட்ட கடன்கள்.

கடன் என்று சொன்னோம். தர்மம் கடனாக மாறுவது நமது மாகாணத்திற்குப் புதிதன்று. சென்னையில் கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாற்றை அடுத்துத் தீண்டாதார் என ஒதுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். அது முற்றிலும் தனியார் தர்மமே. 1920-ல் ஸர் பி. தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியின் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் பகலுணவு அளிக்கத் தீர்மானித்தது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாதென்று அந்நிய சர்க்கார் தடுத்தமையால் 1925-ல் அது நின்றது. காமராஜர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவு மீண்டும் தொடங்கியபொழுது, முதலில் ஊர்தோறும் ஜனங்கள் தந்த அரிசியும் பருப்பும் பணமுமே அதற்கு ஆதாரம். பின்னர் செலவின் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்றது. 1982-ல் எம். ஜி. ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி காலை உணவும் தொடங்கப்பட்டது. ஊரார் வீட்டுப் பானையிலிருந்து அளந்து கொடுத்த அரிசி, இன்று எந்தக் கட்சி ஆண்டாலும் நிறுத்தத் துணியாத உரிமையாக நிலைபெற்றிருக்கிறது. உணவில் இயன்றது படிப்பில் இயலாதா?

படிப்பில் தொண்டர்களால் எவ்வளவு செய்ய முடியும் என்பதும் இன்று ஊகத்திற்குரிய விஷயமன்று. அளந்து பார்த்த சான்று உண்டு. பம்பாய் நகரில் 1994-ல் பிரதம் என்ற சங்கம் தோன்றிற்று. சேரிகளில் பாலர் வகுப்புகள் நடத்திய அச்சங்கத்தார், முனிசிபல் பள்ளிகளில் பின்தங்கிய குழந்தைகளுக்காக பால்சகி என்றொரு முறையை ஏற்படுத்தினர். பால்சகி என்றால் குழந்தையின் தோழி. அதே பகுதியில் வசிக்கும், உயர்நிலைப் பள்ளிவரை படித்த பெண்ணொருவர் நியமிக்கப்படுவார். மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது குழந்தைகளை, பள்ளி நேரத்திலேயே தினம் இரண்டு மணிநேரம் தனியே அழைத்து, அவர்கள் நிற்கும் படியிலிருந்து அவர் கற்பிப்பார். மாதம் ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது ரூபாய் வரை அவருக்கு அளிக்கப்பட்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுப்லோவும் தங்கள் சகாக்களுடன் பம்பாயிலும் வடோதராவிலும் இம்முறையைச் சோதித்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டனர். பால்சகி பெற்ற பள்ளிகளின் குழந்தைகள் தேர்வில் தெளிவான முன்னேற்றம் அடைந்தனர்; இரண்டாம் ஆண்டில் முன்னேற்றம் முதலாண்டைவிட இருமடங்காயிற்று. அதிலும் மிகப் பின்தங்கியிருந்தவர்களே அதிகப் பயன் பெற்றனர்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய அம்சங்கள் மூன்று. அப்பெண்கள் பெரிய பட்டதாரிகள் அல்லர். எனினும் குழந்தையின் தெருவையும் பேச்சையும் அறிந்தவர்கள். வகுப்பு எண்ணைப் பாராமல் குழந்தை எங்கே தடைப்பட்டு நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கினார்கள். இவையனைத்தும் பள்ளிக்குள்ளே, பள்ளி நேரத்திலே நடந்தன. இவற்றோடு ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கலாகாது. அத்துணை நீங்கி ஓராண்டு சென்றபின் சோதித்தபோது, அடைந்த பயன் முற்றும் அழியவில்லையாயினும் அதிற் பெரும்பகுதி தேய்ந்திருந்தது. ஊன்றுகோலைத் தந்து நடக்கச் செய்தபின், நடக்கும் பாதையையே செப்பனிடாமல் விட்டால் வேறென்ன ஆகும்?

பள்ளிக்கு வெளியே நடக்கும் தொண்டிற்கு மற்றொரு எல்லையும் உண்டு. உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் ஜில்லாவின் கிராமங்களில் அதே சங்கத்தார் தொண்டர்களைக் கொண்டு பள்ளி நேரத்திற்குப் புறம்பே வாசிப்பு முகாம்கள் நடத்தினர். வந்த குழந்தைகள் நன்றாகப் படிக்கக் கற்றனர். ஆனால் வந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேரே. கிராமத்தின் கதை நகரத்திற்கு அப்படியே பொருந்தாது எனினும், இதன் படிப்பினை பொதுவானது. தொண்டர் எவ்வளவு திறமையுடன் கற்பித்தாலும், மிகவும் தேவையுள்ள குழந்தை தானாக வந்து சேராது. எல்லாக் குழந்தைகளும் வந்து சேரக் கடமைப்பட்ட இடம் பள்ளிக்கூடம் ஒன்றே.

நமது மாகாணத்தின் சமீப அனுபவத்தையும் பார்ப்போம். கொரோனா நோய் காரணமாக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. அதற்குச் சில நாட்களுக்கு முன், அக்டோபர் 27-ம் தேதி, தமிழ்நாடு அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாலையில் ஒன்றரை மணிநேரம் வரை குழந்தைகளுக்கு வீட்டருகே கற்பிக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் தொண்டர்கள் முன்வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். பொருளாதார நிபுணர்கள் நமது கிராமங்களில் பல்லாயிரம் குழந்தைகளைச் சோதித்து ஆராய்ந்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் குழந்தைகள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கை மீண்டும் அடைந்தனர் என்றும், அம்மீட்சியில் நூற்றுக்கு 24 பங்கு இத்திட்டத்தினால் விளைந்ததென்றும் கண்டனர். நமது பெண்மணிகளுக்கு இது பெருமையே. ஆனால் மீதி 76 பங்கைக் கணக்கிட மறவாதிருப்போமாக. அதிற் பெரும்பங்கு பள்ளிக்கூடம் திறந்ததனால் விளைந்தது. தொண்டரின் பெருமையும் எல்லையும் இந்த ஒரு கணக்கிலேயே அடங்கியிருக்கின்றன.

இத்தொண்டர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. இங்கேதான் நமது எச்சரிக்கை தொடங்குகிறது. நோய்க்காலத்து அவசரத்தில் ஊரார் உதவிக்கு வந்தது வேறு. அவசரம் நீங்கியபின் அதே ஏற்பாட்டை நிரந்தரமாக்கிப் பள்ளியின் குறைகளை அதனால் மூடிவைப்பது வேறு. படித்தும் உத்தியோகம் கிடைக்காத ஏழைப் பெண்ணொருவரை நாள்தோறும் வேலை வாங்கிக்கொண்டு, அவ்வேலைக்குத் தொண்டு என்று பெயரிட்டால் கூலிக் கணக்கு கேட்பார் இல்லை. நாளடைவில், நிரந்தர உபாத்தியாயர் ஒருவரின் சம்பளத்தில் இத்தனை தொண்டர்களை வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் பொக்கிஷ அதிகாரிகளின் மனத்தில் உதிப்பது இயல்பு. தேசத்தின் பல பகுதிகளில் ஒப்பந்த உபாத்தியாயர் முறை இவ்வாறே வேரூன்றியது. தொண்டர் உபாத்தியாயருக்குத் துணையாக வரும்வரை குழந்தைக்கு லாபம். உபாத்தியாயருக்குப் பதிலாக வரும் அன்று குழந்தை உள்ளதையும் இழக்கும்.

நாம் கூறுவதை இரு சாரார் மறுக்கக்கூடும். அரசாங்கப் பள்ளிகள் இனித் தேறமாட்டா; அவற்றைப் பற்றிப் பேசுவது வீண்; ஆங்காங்கு நல்ல மனமுடையோர் நடத்தும் பள்ளிகளை நம்புவதே வழி என்பர் ஒரு சாரார். அவர்களை நாம் கேட்பது இதுதான். நல்ல மனமுடையோர் இல்லாத தெருவில் பிறந்த குழந்தை யாரிடம் முறையிடும்? தர்மம் செய்வோருக்கு இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. குழந்தைக்குப் பிறக்கும் தெருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. மற்றொரு சாராரோ, எல்லாம் அரசாங்கத்தின் கடமை. பயிற்சியற்ற தொண்டர்கள் இடையில் புகுவது உபாத்தியாயர் தொழிலுக்கு இழுக்கு என்பர். தொழிலின் மதிப்பைக் காப்பதில் அவர்களுடன் நாமும் உடன்படுகிறோம். எனினும் நாற்பது குழந்தைகளை ஒருவரே வைத்துக்கொண்டு, அவர்களிற் பின்தங்கிய பத்துப் பேரை நாள்தோறும் தனித்தனியே கவனிப்பது எத்தகைய உத்தமருக்கும் அரிது. சட்டம் பூரணமாக அமுலாகும் நாள்வரை குழந்தை காத்திருக்க முடியாது. ஏழு வயதில் இழந்த எழுத்தைப் பதினேழு வயதில் எளிதில் மீட்க முடியாது.

தொண்டர் எவராலும் தீர்க்கவொண்ணாத தீங்கொன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வசித்த ஏழைக் குடும்பங்கள் 2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்திற்கும் பெயர்க்கப்பட்டன. கூவக்கரையில் பிறந்த குழந்தையைப் பெரும்பாக்கத்தில் குடியேற்றுவதென்றால், அது படித்த பள்ளி இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் ஆகிவிடுகிறது. படிப்பாண்டின் நடுவிலும் இத்தகைய அப்புறப்படுத்தல்கள் நடந்துள்ளன. பழைய பள்ளிக்குப் போக விடியுமுன் பஸ் ஏறவேண்டும். புதிய பள்ளியில் இடமும் இல்லை, முகமறிந்தவரும் இல்லை. பெற்றோர் கூலிக்காகப் பழைய இடத்திற்கே போய்த் திரும்ப இரவாகிறது. பல ஆண்டுகளாகத் தொண்டர்கள் ஒரு சேரியில் உழைத்து உருவாக்கிய வகுப்பு, ஒரே நாளில் லாரிகளில் ஏற்றப்பட்டுச் சிதறிப்போகின்றது. மாறுதல் சான்றிதழ் தாமதமானாலும் புதிய பள்ளியில் சேர்க்க மறுக்கலாகாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு கூறுவது உண்மையே. சான்றிதழ் சேர்ந்துவிடும், இழந்த ஆண்டு சேராது.

ஆகவே, நாம் அரசாங்கத்தார் முன்னும் நகரசபையார் முன்னும் வைக்கும் யோசனைகள் இவை. முதலாவது, உபாத்தியாயர் காலியிடங்களைச் சட்டம் விதித்த அளவுக்குள் கொண்டுவருவதோடு, ஒவ்வொரு பள்ளியின் நியமன எண்ணிக்கையையும் காலியிட எண்ணிக்கையையும் அப்பள்ளியின் வாயிலிலேயே எழுதிவைக்கவேண்டும். இரண்டாவது, தொண்டர்களைப் பள்ளியோடு இணைத்து, எந்தக் குழந்தைக்கு எந்தப் பாடத்தில் துணை வேண்டும் என்பதைத் தலைமையாசிரியரும் தொண்டரும் கூடி நிர்ணயிக்கவேண்டும். மூன்றாவது, ஒற்றையறை வீடுகள் மிகுந்த பகுதிகளில் பள்ளிக் கட்டிடங்களை மாலையில் பூட்டாமல், விளக்கும் காவலும் அமைத்துக் குழந்தைகள் படிக்கத் திறந்துவைக்கவேண்டும். நான்காவது, நாள்தோறும் வேலை செய்யும் பெண்களுக்கு அவ்வேலைக்குத் தக்க கூலியும், விரும்புவோர் முறையான உபாத்தியாயப் பயிற்சி பெற வசதியும் அளிக்கவேண்டும். ஐந்தாவது, படிப்பாண்டின் நடுவில் எந்தக் குடியிருப்பையும் பெயர்க்கலாகாது. புதிய இடத்தில் பள்ளியும் உபாத்தியாயரும் தயாரான பின்னரே பெயர்க்கவேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. உள்ள சட்டத்தை மதிக்கும் மனமும், அதற்குரிய பணத்தை ஒதுக்கும் உறுதியுமே வேண்டும்.

இனி நமது வாலிபர்களுக்கும் தேச ஊழியர்களுக்கும் சில வார்த்தைகள். குழந்தைகளுக்குக் கற்பிக்கப் புறப்படுமுன், எத்தனை மாதம் தவறாமல் வரமுடியும் என்பதைத் தீர ஆலோசியுங்கள். உற்சாகத்தில் பத்து வாரம் வந்து, பரீட்சையோ உத்தியோகமோ குறுக்கிட்டதும் சொல்லாமல் நின்றுவிடும் தொண்டரால் விளையும் தீங்கு அதிகம். தன்னை நம்பியவர்கள் போய்விடுவார்கள் என்ற பாடத்தை அக்குழந்தை ஏற்கெனவே போதுமான அளவு கற்றிருக்கிறது. நீங்களும் அதையே கற்பிக்க வேண்டாம். வாரம் இரண்டு நாளே இயலுமாயின் இரண்டு நாளே வாருங்கள். ஆனால் ஆண்டு முடியும்வரை வாருங்கள். புத்தகப் பையும் பேனாவும் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதைக் காட்டிலும் ஒரு குழந்தை கடன் வாங்கிக் கழித்தல் போடக் கற்றுக்கொள்வது பெரிய காரியம்.

இரண்டாவதாக, வகுப்போடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. நீங்கள் கற்பிக்கும் குழந்தைகளின் பள்ளியில் எத்தனை உபாத்தியாயர்கள் இருக்கவேண்டும், எத்தனை பேர் இருக்கின்றனர் என்று விசாரியுங்கள். பள்ளி நிர்வாகக் கமிட்டி கூடுகிறதா, அதில் அத்தெருவின் தாய்மார்கள் வாய்திறந்து பேச இடமுண்டா என்று பாருங்கள். தாய்மார்களுக்குச் சட்டம் என்ன உரிமை அளித்திருக்கிறது என்பதை அவர்கள் பேசும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிக்கு வராத குழந்தையின் பெயரை நகரசபைப் பதிவில் எழுதச் செய்யுங்கள். வார்டு அங்கத்தினரிடம் மனுக் கொடுங்கள். ஒரு மனுவுக்கு விடையில்லையாயின் பத்துப் பேராகச் சென்று கேளுங்கள். மாலையில் ஒரு குழந்தைக்கு எழுத்தைக் கற்பிப்பவர், காலையில் அக்குழந்தையின் பள்ளிக்காக வாதாடவும் கடமைப்பட்டவர். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்வது அரைத் தொண்டே.

நகரசபைத் தேர்தல் நடக்கும் காலத்தில் சாலையும் சாக்கடையும் விளக்கும் பேசப்படுகின்றன; அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் கார்ப்பரேஷன் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்கின்றனர் என்று எந்த அபேட்சகரிடமும் எவரும் கேட்கக் காணோம். அபேட்சகர்கள் தங்கள் குழந்தைகளை அங்கே அனுப்புவதில்லை. கேட்கும் கல்வியுடைய வாக்காளர்களும் அனுப்புவதில்லை. அனுப்புகிறவர்களோ கேட்கத் தெரியாமலும் கேட்க அஞ்சியும் இருக்கின்றனர். அனுப்புவோருக்கும் கேட்போருக்கும் இடையே உள்ள இந்த அகழியைத் தூர்க்கும் வல்லமை, இரு பக்கத்தையும் அறிந்த தொண்டர் ஒருவருக்கே உண்டு. தினம் மாலை அத்தெருவிற்குப் போய்வரும் அவர் தாம் கண்டதை ஊரறியச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

தொண்டர் வகுப்புகள் பெருகுக என்று நாம் வாழ்த்துகிறோம். ஆனால் அவை என்றென்றும் பெருகிக்கொண்டே இருப்பதை நாம் விரும்பவில்லை. பின்தங்கும் குழந்தையைக் கைகொடுத்துத் தூக்குவது தன் அன்றாட வேலையென ஒவ்வொரு பொதுப்பள்ளியும் ஏற்று, அதற்குரிய உபாத்தியாயரும் நேரமும் இடமும் பெற்று நடக்கும் காலம் வரவேண்டும். அன்று மாடிப்படியின் கீழ் விரித்த பாயைத் தொண்டர்கள் தாமே சுருட்டி வைப்பார்கள். அந்நாளை விரைவில் வரச்செய்வதே அரசாங்கத்தாரின் கடமை. வராமல் விடோம் என்று நின்று கேட்பது நம் அனைவரின் கடமை.